ஆள் இறங்கும் வாய்

ஆடு வந்தால் விரட்டலாம், காற்று வந்தால் என்ன செய்ய. கம்பை ஆட்டிப் பார்த்தேன். அது பாட்டுக்கு வந்து கோலமாவைக் கிளப்பிக்கொண்டு போகிறது, இருளாயி வீட்டுச் சுவரில் கொஞ்சம், சோலையம்மா வாசற்படியில் கொஞ்சம், எல்லாம் புகைமாதிரி எழும்பி என் அடுப்படிக்குள் வந்து விழுகிறது. சுவர் என்றால் சுவரா, கோடுதான். விடிந்ததிலிருந்து இந்தப் பொட்டலில் குனிந்த தலை நிமிராமல் கோடு போட்டோம், வாய்க்கால்கரைப் பெண்கள் அத்தனை பேரும். டேப்பின் ஒரு முனை பெனிட்டா மேடம் கையில், மறுமுனை என் கையில், இங்கிட்டுத் தள்ளு, அங்கிட்டு இழு என்று ஒரே சத்தம். கட்டப்போகிற வீடு அத்தனையும் அதனதன் அசல் அளவில் இப்போது தரையில் படுத்துக் கிடக்கிறது. காகிதத்துல பார்த்தா எனக்கே சில நேரம் புரியாதும்மா, கட்டுறதுக்கு முன்னாடி உள்ள நடந்து பாருங்க, உட்கார்ந்து பாருங்க, எங்க இடிக்குதுன்னு சொல்லுங்க என்றாள் அந்தப் பொண்ணு. இன்ஜினியருக்குப் படித்த பொண்ணு, மேடம் என்று கூப்பிட்டால் கூச்சப்படும், நாங்கள் விடுவதில்லை. எது யார் வீடு என்று தெரிய ஆளுக்கொரு சாமானை வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார்கள். இருளாயி வீட்டில் அவள் காய் விற்கிற தராசு. சங்கத் தலைவி சோலையம்மா வீட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அது காலியாக இருந்தாலும் அவளே உட்கார்ந்து அதட்டுகிற மாதிரிதான் இருக்கிறது. ஒரு வீட்டில் முருகன் படம், ஒரு வீட்டில் ஒற்றைச் செருப்பு. என் வீட்டில் நான். காவலுக்கு ஒரு ஆள் வேண்டுமே என்றபோது நான் இருக்கிறேன் என்று நானேதான் சொன்னேன். வெயில் தாழ வருவார்கள். வந்து அவரவர் வீட்டுக் கோட்டுக்குள் போய் நின்று, சம்மதம் என்றால் கையைத் தூக்க வேண்டும். எல்லாரும் தூக்கினால்தான் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவது. ஒரு கை குறைந்தாலும் திரும்பக் காகிதத்துக்குப் போகணும், நாங்களே வைத்த சட்டம், அதற்கும் நான் அன்றைக்குக் கை தூக்கியிருக்கிறேன். போகும்போது இருளாயி என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனாள். மதினி, இன்னைக்கு யாரும் மூக்கைச் சிந்தக்கூடாது, சொல்லிப்புட்டேன், இன்னைக்கு கை தூக்கலன்னா அடுத்த மழையும் நமக்கு வாய்க்காலுக்குள்ளதான். நான் எங்கே மூக்கைச் சிந்தினேன். ஒன்றும் சொல்லவில்லையே. ஒன்றும் சொல்லாமல் இருந்தால்தான் இவளுக்குக் கண்டுபிடிக்கத் தெரியும்.

வீடு வேண்டாம் என்றா சொல்கிறேன். எனக்கு வேண்டும். இந்த அடுப்படி எனக்கு வேண்டும். இதோ இங்கே மேடை, இங்கே ஜன்னல், ஜன்னலைத் திறந்தால் வாய்க்கால் இல்லை, கறுப்புத் தண்ணி இல்லை, செத்த நாய் மிதக்காது. போன மழையில் கட்டில்மேல் கட்டில் போட்டு அதுமேல் அடுப்பை வைத்துக் கஞ்சி காய்ச்சினேன், முழங்கால்வரை தண்ணி, தண்ணிக்குள் என்னமோ காலை உரசிக்கொண்டு போனது, அது என்ன என்று இன்றுவரை நான் நினைத்துப் பார்க்கவில்லை, நினைக்கவும் மாட்டேன், அதை நினைக்காமல் இருக்கவே ஒரு வீடு வேண்டும். நல்ல வீடுதான் இது. இன்னொருத்தர் கட்டிக் கொடுத்து இந்தா இரு என்று தள்ளிவிட்ட வீடு இல்லை. படிக்கட்டுமாதிரி அடுக்கடுக்காக மாடி, அடுக்குக்கு அடுக்கு மண் கொட்டிக் கத்தரியும் வெண்டையும் கீரையும். உச்சியில் வெயிலைக் குடிக்கிற தகடுகள், அதிலிருந்து விளக்கும் மோட்டாரும். குளித்த தண்ணி கல்வாழைப் பாத்திக்குள் புகுந்து தெளிந்து செடிக்குப் போகும். அப்புறம் காஸ். கக்கூஸிலிருந்து வருவதும் அடுப்படியில் மிஞ்சுவதும் ஒரு தொட்டிக்குள் போய் அங்கே புளித்து, அந்தக் காஸ் குழாய்வழியாக வந்து பொதுச் சமையல்கூடத்திலும் வீட்டு அடுப்பிலும் நீலமாக எரியும், மிச்சக் கரைசல் மாடித் தோட்டத்துக்கு உரம். இதைச் சொன்ன அன்று கூட்டத்தில் பாதிப்பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதுலயா சோறு பொங்குறது, சாமிக்குப் படைக்க வேணாமா என்று ஒருத்தி அழவே செய்தாள். இருளாயிதான் அடக்கினாள். ஏண்டி, சிலிண்டர் தீர்ந்தா இப்ப கடைக்காரன்கிட்ட கெஞ்சுறீங்க, அங்க போனா உங்க வீட்டுக்காரர்கிட்ட கெஞ்சுனாப் போதும், இன்னும் ரெண்டு இட்லி சாப்பிடுய்யா, அடுப்பு சிறுத்து எரியுதுன்னு. சிரிப்பு. அந்தச் சிரிப்போடு அருவருப்பு போயிற்று. பெனிட்டா மேடம் வேன் வைத்து ஒரு ஊருக்குக் கூட்டிப்போய் அந்தமாதிரி அடுப்பைக் காட்டினாள், அதில் போட்ட டீயைக் குடித்தோம், டீ டீமாதிரிதான் இருந்தது. எல்லாரும் அந்த நீலத் தீயையே பார்த்தார்கள். எனக்கு மட்டும் கண் வெளியே போய்விட்டது, கொட்டகைக்குப் பின்னால், சிமெண்டு மூடிக்கு. இரண்டு கொக்கி வைத்த மூடி. அங்கே வேலை பார்க்கிறவரிடம் கேட்டேன், ஐயா இதுக்குள்ள யாரு இறங்குவா. அதுக்கு ஆள் வருவாங்கம்மா என்றார். நல்ல மனுஷன், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆள் வருவாங்க. எங்கிருந்து வருவார்கள். எந்த வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு வருவார்கள், யாரிடம் போயிட்டு வர்றேன் என்று சொல்லிவிட்டு வருவார்கள். வேனில் திரும்பி வரும்போது எல்லாரும் பாட்டுப் பாடினார்கள், நானும் கை தட்டினேன். ஆள் வருவாங்க, ஆள் வருவாங்க, அந்தத் தட்டுக்கு அந்த வார்த்தை சரியாகப் பொருந்தியது. அருவருப்பு போன வழியிலேயே மற்றவர்களுக்குப் பயமும் போய்விட்டது. எனக்கு அருவருப்பு முதலிலேயே கிடையாது, அதனால் அதோடு போவதற்கு என் பயத்துக்கு ஒரு துணை இல்லை.

கம்பை மடியில் வைத்துக்கொண்டு நான் முன்னால்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பின்னால் திரும்ப வேண்டாம். பின்னால், என் அடுப்படிச் சுவரை ஒட்டி, அந்த வட்டம் இருக்கிறது. தொட்டி பெரிய சதுரம், பரவாயில்லை, சதுரம் என்னை ஒன்றும் செய்யவில்லை. அதன் நடுவில் வட்டம். காகிதத்தில் அதற்கு நேராக எழுதியிருந்ததை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன், ஆள் இறங்கும் வாய். அதைத் தரையில் எப்படிப் போடுவது என்று யோசித்தபோது சோலையம்மா, அதுக்கென்ன, நம்ம சங்கத்து அண்டாவைக் கவுத்துங்க என்றாள். பொங்கலுக்கும் கூழுக்கும் எல்லாருக்கும் சேர்த்து வடிக்கிற அண்டா. கவிழ்த்து, சுற்றி மாவைத் தூவி, தூக்கினார்கள். கச்சிதமான வட்டம். அழகா வந்துருக்குல்ல மதினி என்றாள் இருளாயி. வந்திருக்கு என்றேன். என் வீட்டுக்காரர் மாயழகின் தோள் அதில் நுழையும். இப்படி ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரு கையை மேலே தூக்கி, முதலில் அந்தத் தோள், அப்புறம் இந்தத் தோள். சட்டையில்லாத தோள். ச்சீ, திரும்பக்கூடாது என்றேனே. அன்றைக்குக் கூட்டத்தில் வேலை பிரித்தார்களே, அதை நினைக்கலாம், அது நல்ல விஷயம். யார் யாருக்கு என்ன வேலை தெரியுமோ அதை வீட்டுக்குத் தருவது. இதில் யாரும் யாருக்கும் வேலைக்காரர் இல்லை, தெரிந்ததைச் செய்கிறோம், அவ்வளவுதான். அது நியாயம் என்றுதான் எல்லாருக்கும் பட்டது, எனக்கும் பட்டது. இருளாயிக்குக் காய் தெரியும், தோட்டம் அவளுக்கு. கொத்து வேலைக்குப் போகிறவர்களுக்குத் தண்ணி ஒழுக்கு அடைப்பது. ஒயரிங் தெரிந்த ஒருத்தனுக்குத் தகடுகள். தொட்டி என்று வந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை, பார்க்காமல் இருந்ததுதான் பார்த்ததுமாதிரி இருந்தது. அப்புறம் ஒரு குரல், நம்ம பிரதாப்தான் அந்தக் கக்கூஸ் தொட்டி உறிஞ்சுற லாரி ஓட்டுறானே, அவனைவிட யாருக்குத் தெரியும். ஆமா, ஆமா. கைதட்டு. அதில் ஒரு கெட்ட எண்ணம் கிடையாது, சாமி சத்தியமாகக் கிடையாது. கெட்ட எண்ணம் இருந்தால் சண்டை போடலாம். என் மகன் எழுந்து நின்றான். அவன் சிரித்தான். பொண்ணு பார்க்கப் போன இடத்தில் டிரைவர் என்று மட்டும் சொல்லி என்ன லாரி என்று சொல்லாமல் தலையைக் குனிந்தவன், தினமும் வாசலிலேயே சட்டையைக் கழற்றி வாளியில் போட்டுவிட்டு உள்ளே வருகிறவன், அன்றைக்கு எல்லார் முன்னாலும் தலை நிமிர்ந்து நின்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு நான் எதைச் சொல்ல.

கயிறு பிடிக்கிறவனுக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் சொல்லிக்கொண்டு போவார் மாயழகு. நான் இறங்குறதில்ல பஞ்சவர்ணம், மேல நின்னு கயிறுதான் பிடிக்கேன், நீ சும்மா கிட. கல்யாண மண்டபம். மறுநாள் முகூர்த்தம், கக்கூஸ் தொட்டி அடைத்துக்கொண்டது என்று ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள், ஆள், அன்றைக்கும் ஆள்தான். கூட்டாளி உள்ளே இறங்கினார், இவர் மேலே கயிற்றோடு. கயிறு தொய்ந்தது. கூப்பிட்டிருக்கிறார், சத்தம் இல்லை. இதுவரைக்கும் எனக்குப் புரிகிறது. இதற்கப்புறம்தான் நினைப்பில் எத்தனை தடவை நடந்தாலும் ஒரே இடத்தில் கால் இடறுகிறது. சட்டையைக் கழற்றியிருக்கிறார். கடிகாரத்தை அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டிருக்கிறார். சட்டையை மடித்து மதில்மேல் வைத்திருக்கிறார், அவர் எப்போதும் மடிப்பதுமாதிரி, கை இரண்டையும் உள்ளே விட்டு. அந்தச் சட்டையை என்னிடம் கொடுக்கும்போது மடிப்பு கலையவில்லை, கடிகாரம் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. மடிக்க நேரம் இருந்தவருக்கு யோசிக்க நேரம் இல்லையா. யோசித்தாரா. என்னை யோசித்தாரா, பிரதாப்பை யோசித்தாரா, யோசித்துவிட்டும் இறங்கினாரா. சமையல்காரர் ஒருத்தர் என் காலடியில் உட்கார்ந்துகொண்டு, எறங்காதேன்னு சொன்னேன் தாயி, கேக்கல, கிடக்கிறவன் என் கூட்டாளின்னு போயிட்டார் என்றார். மண்டபத்தில் அப்போதும் வடை சட்டி காய்ந்துகொண்டிருந்தது, எண்ணெய் வாசம், இன்றைக்கும் எங்கேயாவது வடை வாசம் வந்தால் எனக்கு மூச்சை அடக்கிக்கொள்ளத் தோன்றும். நல்ல மனுஷன், நல்ல மனுஷன் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஆமாம், அதுதான். நல்ல மனுஷனாக இல்லாதிருந்தால் கயிற்றைப் போட்டுவிட்டுக் கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடியிருப்பார், இன்றைக்கு இந்த வெயிலில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆடு விரட்டிக்கொண்டிருப்பார், பீடிக்கு நெருப்பு இல்லை என்று என்னைத் தொந்தரவு பண்ணிக்கொண்டிருப்பார். பெனிட்டா மேடம் சொன்னாள், யாரும் உள்ளே இறங்கவே கூடாது, பக்கத்துலயே போர்டு வச்சிடலாம், பூட்டும் போட்டிடலாம். அந்தப் பொண்ணு மனசாரச் சொன்னது. ஆனால் தாயி, ஒருத்தன் உள்ளே கிடந்தால் இன்னொருத்தன் போர்டைப் படித்துவிட்டா குதிப்பான். பூட்டுச் சாவி யாரிடம் இருக்கும், நம்பிக்கையான ஆளிடம் இருக்கும், நம்பிக்கையான ஆள் யார், குதிக்கிறவன்தான். கெட்டவனைத் தடுக்கப் பூட்டுப் போடலாம். நல்லவனைத் தடுக்க என்ன போடுவது.

அம்மா என்றான். பிரதாப்தான். வாசல் என்று போட்டிருந்த கோட்டின் இடைவெளிவழியாகத்தான் வந்தான், சுவரை மிதிக்கவில்லை, அதைப் பார்த்ததும் எனக்கு என்னமோ செய்தது. தூக்குவாளியில் சோறு. நீ சாப்பிட வரலன்னு இருளாயி அத்தை கொடுத்துவிட்டுச்சு, கத்தரிக்காய்க் குழம்பு என்றான். நீ சாப்பிட்டியா. ஆச்சு. என் அடுப்படிக்குள் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தான், இங்க அலமாரி வைக்கலாம்மா, இங்க டிவி. அடுப்படியில எதுக்குடா டிவி. நீ நாடகம் பார்த்துக்கிட்டே குழம்பைக் கரிய விடணும்ல, அதுக்குத்தான். சிரித்தேன். அப்புறம் அவனே ஆரம்பித்தான், எல்லாரும் கைதட்டுனாங்கல்லம்மா அன்னைக்கு. தட்டுனாங்கடா. டேங்க் இன்சார்ஜ்னு ஒரு பனியன் அடிச்சுத் தர்றேன்னு சோலையம்மா பெரியம்மா சொல்லுச்சு, கேலிக்கா நெசமாவான்னு தெரியல. மடியில் கிடந்த கம்பை எடுத்துக் கீழே வைத்தேன். நீ அதுக்குள்ள இறங்குவியாடா. அவன் என்னைப் பார்க்கவில்லை. நான் எதுக்கும்மா இறங்குறேன், லாரி இருக்கு, குழாயை விட்டா அதுவே உறிஞ்சிடும். அடியில மண்ணு தங்குமே, உறிஞ்சாதே, நீதானே சொல்லுவ. தங்கும், எப்பயாச்சும் ஒருக்கா. அப்ப. அப்ப காத்தாடவிட்டு, நெருப்பு காட்டாம, கயிறு கட்டி. கயிறு யாரு பிடிப்பா. கோட்டில் கிடந்த கோலமாவை விரலால் தொட்டு நெற்றியில் ஒரு கீற்று இழுத்துக்கொண்டான், சின்னதில் திருநீறு இழுப்பான் அப்படி. இறங்க மாட்டேம்மா என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவன் அப்பாவும் பொய் சொல்லவில்லை. இறங்குகிறவன் எவனும் இறங்குவேன் என்று சொல்லிவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை. சோத்தைத் தின்னும்மா, ஆறிடும், நான் போய்ச் சோலையம்மா பெரியம்மாவைக் கூட்டிட்டு வர்றேன் என்று எழுந்து, மறுபடி அந்த வாசல்வழியாகவே போனான். தோளைப் பார்த்தேன். அப்பன் தோளேதான். தூக்குவாளியைத் திறந்தேன், குழம்பு வாசம் வந்தது, மூடிவிட்டு மூடியைத் திரும்ப எடுத்தேன், கையிலேயே வைத்திருந்தேன், பசி இருக்கிறது, சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

சொல்லிவிடு என்கிறது ஒரு மனசு. என்னத்தைச் சொல்ல. தொட்டி வேணாம் என்றால் காஸ் இல்லை, காஸ் இல்லை என்றால் சமையல்கூடம் இல்லை, உரம் இல்லை, தோட்டத்துக்கு விலைக்கு மண் வாங்கணும், ஒன்றை உருவினால் எல்லாம் சரியும்படிதான் அந்தப் பொண்ணு பின்னி வைத்திருக்கிறது, தப்புச் சொல்ல முடியாது, நல்ல பின்னல். என் கை ஒன்று கீழே கிடந்தால் வானம் தோண்டுவது தள்ளிப்போகும், மழை தள்ளிப்போகாது. இருளாயி மருமகள் மாசமாக இருக்கிறாள், அந்தப் பிள்ளையை வாய்க்கால் தண்ணிக்குள்ளா பெற்று எடுப்பது. பஞ்சவர்ணம் தன் புருஷன் செத்ததை இன்னும் தூக்கிக்கிட்டுத் திரியுறா, அதுக்காக எங்க வீட்டையும் முழுகடிக்கிறா என்று பேசுவார்கள். வாயால் பேச மாட்டார்கள், குழாயடியில் குடத்தை நகர்த்தி வைப்பதில் பேசுவார்கள். சரி, பேசாமல் கையைத் தூக்கிவிடு. தூக்கிவிட்டு இந்த அடுப்படியில் நின்று சமை. சுவருக்கு அந்தப் பக்கம் மூடி. பிரதாப் கொஞ்ச நேரம் கண்ணில் படவில்லை என்றால் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி மூடியைப் பார். மூடி மூடியிருந்தாலும் பார். காக்கா கத்தினால் பார், நாய் முகர்ந்தால் பார், மகன் கூட்டாளிகளோடு அங்கே நின்று சிரித்தால் பார், சட்டையை எங்கேயாவது மடித்து வைத்திருக்கிறானா பார். நீலத் தீ எரியும், சோறு வெந்துவிடும், நான் வேக மாட்டேன். இப்படியே எத்தனை நேரம் போயிற்றோ, பின்னால் தடதடவென்று சத்தம், ஆடு, நாலைந்து ஆடு, நான் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பின்னால் வந்துவிட்டது. ஏய் என்று கம்பை எடுத்துக்கொண்டு எழுந்து ஓடினேன். சதுரத்துக்குள் புகுந்து வட்டத்தின்மேல் ஒன்று நின்றுகொண்டு என்னைப் பார்த்தது. கம்பை ஓங்கியதும் திரும்பிய வேகத்தில் மண்ணைச் சீய்த்துவிட்டுப் போயிற்று. வட்டம் இல்லை. பாதி வெள்ளை, பாதி குளம்பு. திருப்பிப் போடணும். அதற்குத்தானே என்னை உட்கார வைத்தது, அதற்குத்தானே கிண்ணத்தில் மாவை மிச்சம் வைத்துவிட்டுப் போனாள் சோலையம்மா. அண்டா அங்கேதான் வேலிக்கருவை நிழலில் கவிழ்ந்து கிடந்தது. போய்க் கம்பைப் போட்டுவிட்டு ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன், கனம், இருந்தாலும் உருட்டிக்கொண்டு வந்துவிடலாம். உருட்டவும் உருட்டினேன். பாதி வழியில் நின்றேன். அண்டாவின் வாய் என்னைப் பார்த்து நின்றது. உள்ளே கறுப்பு, அடியில் போன பொங்கலின் ஒரு பருக்கை. என் கையில் இன்னமும் தூக்குவாளி மூடி. இத்தனை நேரமும் அதைக் கீழே வைக்கவில்லை நான். ஒரு கையில் கம்பு, ஒரு கையில் மூடி, அப்படியே ஆடு விரட்டியிருக்கிறேன், யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். மூடியைப் பார்த்தேன். இந்த அகலத்துக்கு ஒரு வாய் என்றால் குழாய் நுழையும். கை நுழையும். ஒரு சின்னப் பிள்ளையின் தலைகூட நுழையாது. நல்லவனாக இருந்தாலும் நுழையாது. அண்டாவை அங்கேயே விட்டுவிட்டு, சதுரத்துக்குள் போய் முட்டி போட்டு, குளம்படியையெல்லாம் உள்ளங்கையால் தடவிச் சமமாக்கி, நடுவில் அந்த மூடியை வைத்தேன். மாவைச் சுற்றித் தூவும்போது பாதி என் விரல்மேலேயே விழுந்தது. மூடியை எடுத்தேன்.

வெயில் தாழ்ந்து எல்லாரும் வந்தார்கள். வந்து ஆளாளுக்கு வாசலைத் தேடி அவரவர் வீட்டுக்குள் போய் நின்றார்கள், தராசைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டாள் இருளாயி, சோலையம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். பெனிட்டா மேடம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள், கலைந்த இடத்தில் குனிந்து பார்த்தாள், தொட்டிக்கிட்டே வந்து நின்றுவிட்டாள்.

"பஞ்சவர்ணம்மா, இந்த வட்டம் மாறியிருக்கே."

"ஆடு கலைச்சிருச்சு தாயி. நான்தான் திருப்பிப் போட்டேன்."

"இவ்வளவு சின்னதாவா? இதுல எப்படிம்மா ஆள் இறங்க முடியும்?"

"முடியாது."

இன்னும் ஏதோ சொல்வேன் என்று நின்றார்கள். மதினி என்று இருளாயி மெதுவாகக் கூப்பிட்டாள், அது அதட்டலா கெஞ்சலா தெரியவில்லை. சோலையம்மாதான் கேட்டாள், "அப்ப அடியில மண்ணு அடைச்சா என்னத்தச் செய்ய பஞ்சவர்ணம்? காஸ் வராதேடி."

"மேல்தளத்தை உடைங்கக்கா. மொத்தமா பேர்த்து எடுங்க. ரெண்டு வெயில் மூணு வெயில் காயட்டும். அப்புறம் நான் இறங்குறேன், நீங்க இறங்குங்க, எல்லா வீட்லயும் இருந்து மண்வெட்டியோட வாங்க. வானம் பார்க்க நின்னு அள்ளுவோம். ஒத்த ஆளுக்குத் திறக்கிற வாய் மட்டும் வேணாம்." இவ்வளவும் நானா பேசினேன். என் குரல் எனக்கே எங்கேயோ குழாய்க்குள்ளிருந்து வருகிறமாதிரி இருந்தது. "அது இருந்தா நான் கை தூக்க மாட்டேன். என்னை வையணும்னா வைங்க."

யாரும் வையவில்லை. வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முருகன் படத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி வேறு பக்கம் பார்த்தாள். பெனிட்டா மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டு தொட்டியைச் சுற்றி நடந்தாள். "கழற்றி எடுக்கிற மாதிரி துண்டு துண்டாத் தளம் போட்டா காஸ் கசியும்மா. கசியாம முடியுமான்னு எனக்கு இப்பத் தெரியல. தெரியாம சரின்னு சொல்ல மாட்டேன்," என்றாள். ஆனாலும் சிமெண்டுத் தூசி படிந்த அந்த டேப்பை இழுத்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் வட்டத்தின் குறுக்கே வைத்து அளந்தாள். இருளாயி தராசை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா கூரையைப் பிரிச்சுக் கும்மியடிக்கணும், அவ்வளவுதான? என் மருமக பிள்ளை பெத்து அது நடக்கிற வரைக்கும் ஓடிரும்," என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

பிரதாப் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றான். நெற்றியில் அந்த வெள்ளைக் கீற்று இன்னும் இருந்தது. அடுத்தவர் காதில் விழாமல்தான் கேட்டான்.

"அப்ப எனக்கு என்ன வேலைம்மா?"

இத்தனை நேரம் உட்கார்ந்து எத்தனையோ நினைத்தேன், இதை நினைக்கவில்லை. எல்லாரும் கைதட்டியதை நான் இப்போது அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன், அதுவும் எல்லார் முன்னாலும். அவன் அந்த வட்டத்தையே பார்த்தான். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை மெதுவாக அதன்மேல் வைத்தான், ஆழம் பார்க்கிறவன் வைக்கிறமாதிரி. சரி, எல்லாரும் சொல்லுங்க, பஞ்சவர்ணம் சொல்றபடிக்கு யாருக்குச் சம்மதம், கையைத் தூக்குங்க என்று சோலையம்மா நாற்காலியிலிருந்து எழுந்து சொல்லிக்கொண்டிருந்தாள். சேலை சரசரக்கிற சத்தம் கேட்டது, வளையல் சத்தம் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டது. எத்தனை கை என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் வட்டத்துக்கு ஒரு பக்கம் வெளியே நின்றன, குதிகால் மறுபக்கம்.